குழலுக்குள் குடியிருக்கும் கிருமிகள்

சொத்தைப் பல்லின் வலி தாளாது பல் மருத்துவரை நாடிச் சென்றோர் அனைவருக்கும் பழக்கமான காட்சி ஒன்றுண்டு. சாய்வு நாற்காலியில் நம்மைக் கிடத்தி, விளக்கை முகத்துக்கு நேரே திருப்பி, மருத்துவர் நம் வாயினுள் ஒரு கருவியைச் செலுத்துகிறார். அது கிறீச்சிட்டுச் சுழல்கின்றது. சுழலும்போதே அதன் முனையிலிருந்து மெல்லிய நீர்த்தூவல் பல்லின்மீது பொழிகின்றது. வாய் நிறைகின்றது, உறிஞ்சு குழல் ஒரு பகுதியை இழுத்துக்கொள்கின்றது, எஞ்சியதை அருகிலுள்ள கிண்ணத்தில் கொப்பளித்து உமிழ்கிறோம். ஊசிக்கு அஞ்சுகிறோம், கருவியைக் கொதிநீரில் இட்டார்களா என ஐயுறுகிறோம், கையுறை புதியதுதானா எனக் கடைக்கண்ணால் நோக்குகிறோம். ஆயின் அந்த நீர் எங்கிருந்து வருகின்றது, வரும் வழியில் அதற்கு என்ன நேர்கின்றது என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

தமிழ்த்துறை மலரில் பல் மருத்துவத்துக்கு என்ன வேலை என்று நண்பர் சிலர் நம்மை வினவினர். மருத்துவச் செய்தி மருத்துவரின் மொழியிலேயே தங்கிவிடுமாயின் நாற்காலியில் கிடப்பவனுக்கு அதனால் பயன் யாது என்பதே நம் விடை. பிள்ளைகளைப் பல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பெற்றோரும், பல் கட்டிக்கொள்ளச் செல்லும் பெரியோரும் அறிய வேண்டிய செய்தி இதில் உண்டு.

பல்லுக்கு நீர் எதற்கு?

பற்களைக் கடையும் கருவி முற்காலத்தில் காலால் மிதித்தும் பின்னர் மின்விசையாலும் மெதுவாகச் சுழற்றப்பட்டது. 1957ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் சான் போர்டன் என்பார் அழுத்தக் காற்றால் சுழலும் ‘ஏரோட்டர்’ என்னும் கருவியை வழக்கிற்குக் கொணர்ந்தார். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 இலட்சம் சுற்றுகள் சுழல வல்லது. வலி குறைந்தது, நேரமும் குறைந்தது. ஆனால் அவ்வளவு விரைவாகச் சுழலும் முனை பல்லில் பட்டால் வெப்பம் மிகும். பல்லின் நடுவே நரம்பும் குருதிக் குழாயும் நிறைந்த மென்மையான கூழ் உள்ளது. வெப்பம் சில பாகை உயர்ந்தாலே அக்கூழ் மடியத் தொடங்கும். எனவே கருவியின் முனையில் இடையறாது நீர் பொழிய வேண்டுவதாயிற்று. பற்காரையை அதிர்வால் உதிர்க்கும் கருவிக்கும், வாயைக் கழுவும் நீர்க்காற்றுப் பீச்சிக்கும் அவ்வாறே நீர் வேண்டும். இவை அனைத்துக்கும் நீர் கொண்டு செல்வன நாற்காலியின் உள்ளே சுருண்டு கிடக்கும் மெல்லிய நெகிழிக் குழல்கள்.

இக்குழல்களின் உள்விட்டம் பெரும்பாலும் 1 முதல் 2 மில்லிமீட்டர் வரையே இருக்கும்; புடவை தைக்கும் ஊசியினும் சற்றே தடித்த துளை எனலாம். இச்சிறுமையே இடர் அனைத்துக்கும் மூலம். ஒரு சிறு கணக்கினை இங்குப் போட்டுப் பார்ப்போம். 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல் ஒரு மீட்டர் நீளத்தில் கொள்ளும் நீர் ஏறத்தாழ 3 மில்லிலிட்டர். அந்த நீரைச் சூழ்ந்திருக்கும் சுவரின் பரப்போ 60 சதுர சென்டிமீட்டருக்கும் மேற்பட்டது. அதாவது ஒவ்வொரு மில்லிலிட்டர் நீருக்கும் 20 சதுர சென்டிமீட்டர் சுவர். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பானையை உருண்டை எனக் கொண்டு இதே கணக்கைப் போட்டால், ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கே சுவர் கிட்டும். ஒரே அளவு நீருக்குப் பானையைக் காட்டிலும் குழலில் நூறு மடங்கு சுவர்! கிருமிகள் குடியேற விரும்புவது நீரின் நடுவில் அன்று, சுவரில்தான் என்பதை அறிந்தால் இக்கணக்கின் பொருள் விளங்கும்.

வழுவழுப்பின் கதை

பானையை நாம் எடுத்துக்காட்டியதற்குக் காரணம் உண்டு. குடிநீர்ப் பானையைச் சில நாள் கழுவாது விட்டால் உட்புறம் வழுவழுப்பாகும். நம் வீட்டுப் பெண்மக்கள் அதனை வெறும் நீர் ஊற்றி அலசி நிறுத்துவதில்லை. தேங்காய் நாரும் புளியும் கொண்டு அழுந்தத் தேய்ப்பர். அலசினால் போகாது என்பது அவர்கள் கைகண்ட உண்மை. குளத்துப் படியிலும் பள்ளிவாசல் ஹவுளின் விளிம்பிலும் கால் வழுக்கியோர் இவ்வழுவழுப்பை நன்கறிவர். பாசி என்று பொதுப்படச் சொல்லிவிடுகிறோம்; ஆனால் பச்சை நிறமே இல்லாத இடத்திலும் வழுக்கும். அங்கே இருப்பது பாக்டீரியா முதலிய நுண்ணுயிரிகள் தம்மைச் சுற்றித் தாமே சுரந்துகொண்ட பசைபோன்ற பொருளினுள் திரண்டு வாழும் குடியிருப்பாகும். அறிவியலார் இதற்கு இட்ட பெயரைத் தமிழில் ‘உயிர்ப்படலம்’ என்பர். கேட்டவுடன் வழுக்கல் நினைவுக்கு வராததுதான் இச்சொல்லின் குறை. எனினும் வழங்கி வருதலின் நாமும் அதனையே மேற்கொள்வோம்.

நீரில் மிதந்து வரும் ஒரு பாக்டீரியா சுவரைத் தொடுகின்றது, ஒட்டிக்கொள்கின்றது, பசையைச் சுரக்கின்றது, பிளவுற்றுப் பெருகுகின்றது. பின்வரும் வேறு இனங்களும் அப்பசையில் சிக்கித் தங்குகின்றன. அவற்றை இரையாகக் கொள்ளும் அமீபாக்களும் வந்து சேர்கின்றன. படலம் தடிக்கத் தடிக்க அதன் துணுக்குகள் பெயர்ந்து நீரோடு செல்கின்றன. குழலின் நடுவே நீர் விரைந்து ஓடினாலும் சுவரை ஒட்டிய நீர் பெரிதும் அசைவதில்லை. ஆதலின் ஓட்டம் படலத்தை அடித்துச் செல்வதும் இல்லை. பசைப் போர்வையினுள் இருக்கும் கிருமிகள், தனியே மிதக்கும் கிருமிகளைவிட மருந்துகளைப் பன்மடங்கு தாங்கி நிற்கும்.

வியப்பு என்னவெனில், பல் மருத்துவர் நம் பல்லிலிருந்து சுரண்டி எடுக்கும் அழுக்குப் படிவும் இதே வகைப் படலந்தான். 1683ஆம் ஆண்டில் ஒல்லாந்து நாட்டுத் துணி வணிகர் ஆண்டனி வான் லீவன்ஹூக், பற்களின் இடையே படிந்திருந்த வெண்பொருளைத் தாமே செய்த உருப்பெருக்கியின்கீழ் நோக்கி, அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் நெளிவதைக் கண்டு இலண்டன் அரசு கழகத்துக்கு எழுதினார். பல்லில் படியும் படலத்தை நீக்க வந்த கருவியின் குழலிலேயே மற்றொரு படலம் படிந்திருப்பதை என்னென்பது!

பல் மருத்துவ நாற்காலி இப்படலத்துக்கு ஏற்ற இடம். மருத்துவர் கருவியை இயக்கும்போது மட்டுமே நீர் ஓடும். நாள் முழுதும் கூட்டிப் பார்த்தால் நீர் ஓடிய நேரத்தினும் தேங்கிய நேரமே மிகுதி. இரவெல்லாம் தேக்கம், விடுமுறை நாளிலும் தேக்கம். அறையின் வெதுவெதுப்பும் அதற்குத் துணை. ஊரின் குடிநீரில் கிருமி கொல்லும் பொருட்டுக் குளோரின் கலக்கின்றனர். நுகர்வோர் குழாயில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. ஆயின் மாடித் தொட்டியில் கிடந்து, மெல்லிய குழலிலும் இரவு முழுதும் தேங்கிய நீரில் அக்குளோரின் தேய்ந்துபோகும். சில கருவிகள் நிறுத்தப்படும் கணத்தில் சிறிது நீரைப் பின்னோக்கி உறிஞ்சுதலும் உண்டு. அவ்வாறாயின் ஒருவர் வாயின் உமிழ்நீர் குழலினுள் புகும். இதனைத் தடுக்கும் அடைப்பிதழ்கள் இப்போது பொருத்தப்படுகின்றன. அவையும் பழுதுறும் இயல்பினவே.

எண்ணிப் பார்த்தபோது

இந்நீரில் கிருமிகள் உள்ளன என்பது புதுச் செய்தி அன்று. 1963ஆம் ஆண்டிலேயே பிளேக் என்னும் ஆய்வாளர் பிரித்தானியப் பல் மருத்துவ இதழில், தூவல் நீர்க்கலங்களில் பாக்டீரியா மலிந்திருப்பதை எடுத்துரைத்தார். விரைசுழல் கருவி பரவத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஆயினும் இதனை மருத்துவ உலகம் முழுமையாகக் கருத்திற்கொள்ள ஒரு தலைமுறை கழிந்தது.

நீரிலுள்ள கிருமிகளை எண்ணும் முறை எளிது. ஒரு மில்லிலிட்டர் நீரை ஊட்டப்பொருள் கொண்ட தட்டில் பரப்பி வைத்தால், உயிருள்ள ஒவ்வொரு கிருமியும் (அல்லது ஒட்டிக்கிடக்கும் கிருமிக் கொத்தும்) பெருகிக் கண்ணுக்குப் புலனாகும் ஒரு புள்ளியாகத் திரளும். புள்ளிகளை எண்ணுவதே கணக்கு. இதில் ஒரு நுட்பம் உண்டு. நோயாளியின் குருதியைச் சோதிக்கும் முறையில், வளமான ஊட்டப்பொருளில் உடல் வெப்பத்தில் ஒரு நாள் வைத்துப் பார்த்தால் நீர்வாழ் கிருமிகள் பல தோன்றாமலே போகும். அவை பசித்திருந்து பழகியவை. ஊட்டம் குறைந்த தட்டில் அறையின் வெப்பத்தில் பல நாள் விட்டால்தான் வெளிப்படும். ஆகவே ஆய்வுக்கூடம் ‘கிருமி இல்லை’ என்று சொன்னால், எம்முறையில் பார்த்தீர்கள் என்று கேட்பதற்கும் இடமுண்டு.

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலில், அறுவை அல்லாத பல் மருத்துவத்துக்குப் பயன்படும் நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 500க்கு மேற்படாத புள்ளிகளே இருக்கலாம் என்று வரையறுத்தது. குடிநீருக்கு அந்நாட்டில் கொள்ளப்பட்ட அளவே அது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமோ அதற்கு முன்பே, 1995இல், 2000ஆம் ஆண்டுக்குள் 200 என்னும் அளவை எட்டுதல் வேண்டும் என இலக்கு வைத்திருந்தது. நடைமுறையில் கண்டது என்ன? புதிதாய்ப் பொருத்திய குழல்களில் ஐந்தே நாளில் 2 இலட்சம் வரை எண்ணப்பட்டதுண்டு. தூய்மைப்படுத்தப்படாத பழைய குழல்களில் 10 இலட்சத்தையும் தாண்டியதுண்டு. அந்த நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தால் தெளிவாகவே தோன்றும். தெளிவைக் கண்டு தூய்மை என மயங்கும் பிழை இங்கேதான் நிகழ்கின்றது.

எண்ணிக்கை மிகுதி என்றவுடன் அஞ்சி நடுங்கவும் வேண்டா. இக்கிருமிகளுள் மிகப்பல நல்ல உடல்நலம் உள்ளோர்க்குத் தீங்கு செய்யாதவை. ஆனால் அவற்றிடையே மூன்று தீயவை மறைந்திருத்தல் கூடும். ஒன்று சூடோமோனாஸ், நோய் எதிர்ப்பு ஆற்றல் குன்றியோரைத் தாக்குவது. 1987இல் பிரித்தானியாவில், புற்றுநோயால் நலிந்திருந்த இருவர்க்குப் பல் மருத்துவத்தின் பின்னர் வாயில் இக்கிருமியால் சீழ்க்கட்டி ஏற்பட்டதும், அதே வகைக் கிருமி நாற்காலியின் நீரிலும் இருந்ததும் பதிவு செய்யப்பட்டன. மற்றொன்று லெஜியோனெல்லா, 1976இல் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாள் படைவீரர்களிடையே கடும் நுரையீரல் அழற்சியாகப் பரவி உலகின் கவனத்தை ஈர்த்தது. இது அமீபாவின் வயிற்றினுள்ளேயே புகுந்து பெருகவல்லது. மூன்றாவது, காசநோய்க் கிருமியின் உறவினமாகிய மைக்கோபாக்டீரியம் அப்செசஸ். மெழுகு போன்ற மேலுறை உடையதாதலின் குளோரினை எதிர்த்து நிற்கும்.

மூன்று நாடுகளில் நேர்ந்தவை

இத்தாலி நாட்டில் 2011ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 82 வயது மூதாட்டி ஒருவர் காய்ச்சலும் மூச்சுத்திணறலுமாய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். லெஜியோனெல்லா தாக்கியிருப்பது தெரிந்தது. தக்க மருந்து கொடுத்தும் இரண்டு நாளில் உயிர் நீத்தார். வேறு நோய் ஏதும் அவருக்கு முன்னர் இல்லை. நோய் தொற்றியிருக்கக்கூடிய நாட்களில் அவர் வீட்டைவிட்டு வெளியே சென்றது பல் மருத்துவரிடம் மட்டுமே, அதுவும் இருமுறை. வீட்டு நீரை ஆராய்ந்தனர்; கிருமி இல்லை. பல் மருத்துவரின் நாற்காலி நீரை ஆராய்ந்தனர், அங்கு இருந்தது. அம்மையாரின் நுரையீரலிலிருந்து எடுத்த கிருமியின் மரபுக்கூற்றையும் நாற்காலி நீரின் கிருமியையும் ஒப்பிட்டபோது இரண்டும் பொருந்தின. 2012இல் ‘லான்செட்’ இதழில் இது வெளியாயிற்று. லெஜியோனெல்லா குடித்தலால் பெரிதும் தொற்றுவதன்று. நுண்திவலையாக மூச்சில் புகுந்து நுரையீரலை அடைவதால் தொற்றுவது. சுழலும் கருவி நீரை அத்தகைய நுண்திவலையாகவே சிதறடிக்கின்றது. இத்திவலையை நாள்தோறும் மணிக்கணக்கில் சுவாசிப்போர் மருத்துவரும் அவர்தம் உதவியாளருமே. பல் மருத்துவரின் குருதியில் இக்கிருமிக்கான எதிர்ப்பொருள் மற்றவரினும் மிகுதியாய்க் காணப்பட்டதை 1980களின் ஆய்வுகள் சில எடுத்துக்காட்டின. நீரின் தூய்மை நோயாளிக்கு மட்டும் உரிய கவலை அன்று என்பது இதனால் பெறப்படும்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்தது இன்னும் துயரமானது. ஏனெனில் பாதிக்கப்பட்டோர் குழந்தைகள். பாற்பல்லில் சொத்தை ஆழ்ந்து கூழை எட்டிவிட்டால், பல்லைப் பிடுங்காமல் மேற்கூழை மட்டும் நீக்கி மருந்திட்டு மூடுவது வழக்கம். அவ்வேளையில் குருதி ஓடும் உயிருள்ள திசு திறந்து கிடக்கும். கருவியின் நீர் நேரே அதில் பாயும். 2015 செப்டம்பரில் அம்மாநில மருத்துவமனை ஒன்று, ஒரே பல் மருத்துவரிடம் இவ்வாறு கூழ் நீக்கப்பட்ட குழந்தைகள் ஒன்பதின்மர் தாடை வீங்கி வந்திருப்பதை நலத்துறைக்கு அறிவித்தது. தேடத் தேட எண்ணிக்கை பெருகிற்று. 2016 ஏப்ரலில் 20 ஆயிற்று. அனைவரும் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. 17 குழந்தைகளுக்கு நோயுற்ற திசுவை அறுத்து நீக்க வேண்டியதாயிற்று. நாற்காலிகளின் நீரைச் சோதித்தபோது மில்லிலிட்டருக்குச் சராசரி 91,333 புள்ளிகள், வரையறையோ 500. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் அந்நீரில் இருந்தது. அங்கே குழாய்நீரையே கூழ் நீக்கத்துக்குப் பயன்படுத்தினர். குழல்களை நாள்தோறும் மருந்திட்டுத் தூய்மை செய்யவில்லை. நீரின் தரத்தைச் சோதித்ததும் இல்லை.

ஓராண்டு கழிவதற்குள், 2016இல், கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் இதே துயரம் பெரிய அளவில் நிகழ்ந்தது. கூழ் நீக்கம் செய்துகொண்டு இடர்ப்பாட்டுக்கு ஆளாகியிருக்கக்கூடிய 1,082 குழந்தைகளுள் 71 பேருக்கு நோய் கண்டது. 22 பேருக்கு ஐயமற உறுதியாயிற்று, 49 பேருக்கு இருக்கக்கூடும் என முடிவு செய்யப்பட்டது. நோயுற்றோரின் இடைநிலை வயது 6. கிருமி தாடை எலும்பினுள் புகுந்தமையால், முளைக்காது உள்ளே காத்திருந்த நிரந்தரப் பற்களையும் சிலர் இழந்தனர். பாற்பல் ஒன்றைக் காக்கப் போய், வாழ்நாள் முழுதும் நிற்க வேண்டிய பல்லைப் பறிகொடுத்த அக்குழந்தைகளின் பெற்றோர் மனநிலையை எண்ணிப் பார்க்கவே நெஞ்சு நோகின்றது. இங்கே நாம் ஊன்றிக் கருத வேண்டியது மற்றொன்றும் உண்டு: சிகிச்சை முடிந்து நோய் வெளிப்படும் வரை பல வாரங்கள் கழிவதுண்டு. பல வாரங்கள் கழிந்து கன்னம் வீங்கினால், அன்று வாயில் பாய்ந்த நீரை எந்தத் தாய் நினைவுகூர்வாள்? அதன்பின் 2017இல் கலிபோர்னியா ஒரு சட்டம் இயற்றி, திறந்த கூழைக் கழுவ நுண்ணுயிர் நீக்கிய நீரையோ கிருமி கொல்லும் தன்மை வாய்ந்த நீரையோ பயன்படுத்துமாறு பணித்தது. அப்படியும் 2022 அக்டோபரில் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நாடு முழுதும் உள்ள பல் மருத்துவர்க்கு இதுபற்றி எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் கடல் கடந்த நாடுகளின் செய்தி என்று ஒதுக்க இயலாதவாறு நம் தமிழ்நாட்டிலும் ஒன்று நேர்ந்தது. திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் 2023ஆம் ஆண்டில் ஒரு பல் மருத்துவமனைக்குச் சென்ற பத்துப் பேர் ‘மெலியாய்டோசிஸ்’ என்னும் நோய் மூளையைத் தாக்கி அவதியுற்றனர். அவர்களுள் எண்மர் மாண்டனர். வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினரும் சென்னைத் தேசியக் கொள்ளைநோயியல் நிறுவனத்தினரும் ஈடுபட்ட ஆய்வு 2025இல் வெளியாயிற்று. இங்கே குற்றவாளி குழலன்று. வாய் கழுவும் உப்புநீர்ப் புட்டி. நுண்ணுயிர் நீக்காத கருவியொன்றால் புட்டியைத் திறந்து, சரிவர மூடாது வைத்து, மீண்டும் மீண்டும் அதனையே பயன்படுத்தியமை கிருமிக்கு வழியாயிற்று என ஆய்வாளர் கண்டனர். இக்கிருமி மண்ணிலும் நீரிலும் வாழ்வது. 1912இல் இரங்கூனில் பணியாற்றிய விட்மோர் என்னும் ஆங்கில மருத்துவரும் அவருடன் கிருஷ்ணசாமி என்பாரும் இதனை முதன்முதல் விவரித்தனர். காய்ச்சி வடித்த வெறும் நீரில் ஊட்டமேயின்றி 16 ஆண்டுகள் இது உயிரோடு இருந்ததைத் தாய்லாந்து ஆய்வொன்று காட்டியுள்ளது. ‘காய்ச்சி வடித்தது’ என்று எழுதிய புட்டியைக் கண்டவுடன் நமக்கு எழும் நம்பிக்கை எத்துணை மெலிந்தது! புட்டி திறக்கப்படும் வரையே அச்சொல் உண்மை. பிறகு திறந்தவர் கையின் தூய்மையே அதன் தூய்மை.

தீர்வு யாது?

ஒவ்வொரு நோயாளிக்கும் பின்னர்க் கருவிகளின் நீரையும் காற்றையும் 20 முதல் 30 நொடி வரை வெளியே ஓடவிடுதல் வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டு வழிகாட்டுதலின் ஒரு கூறு. இது முந்திய நோயாளியின் உமிழ்நீர் புகுந்திருப்பின் அதனை வெளியேற்றும். ஆனால் சுவரிலுள்ள படலத்தை அசைக்காது. பானையை அலசுவதற்கும் தேய்ப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இதுவும். இரண்டு மில்லிமீட்டர்க் குழலினுள் நாரைச் செலுத்தித் தேய்க்க இயலாதாகையால், தேய்க்கும் பணியை மருந்திடம் விட வேண்டும். நீர்த்த சோடியம் ஹைப்போகுளோரைட், ஐதரசன் பெராக்சைடு, குளோரின் ஈராக்சைடு, அயோடின் ஆகியவற்றுள் ஒன்றைக் குறித்த அளவில் குழலினுள் நிறுத்தி வைத்துப் பின் வெளியேற்றுவது ஒரு முறை. மிகக் குறைந்த அளவில் எந்நேரமும் நீரோடு கலந்து வரச்செய்வது மற்றொரு முறை. எம்மருந்து தம் நாற்காலிக்கு ஏற்றது என்பதை அதனைச் செய்த நிறுவனத்திடம் மருத்துவர் கேட்டறிய வேண்டும்; சில மருந்துகள் உலோக உறுப்புகளை அரிக்கும், சில நிரப்புபொருள் பல்லில் ஒட்டும் பிடிப்பைக் குறைக்கும்.

நகரக் குழாயோடு இணைக்காது, நாற்காலியிலேயே தனிப் புட்டி பொருத்தி நீரூட்டும் ஏற்பாடு இப்போது மிகுதியாக உள்ளது. புட்டியில் நல்ல நீரை ஊற்றிவிட்டால் போதும் என்று கருதுவோர் பலர். ஊற்றும் நீர் எத்துணை நல்லதாயினும் பழைய படலம் படிந்த குழலின் வழியே வருமாயின் என்ன பயன்? புட்டி மருந்து கலப்பதற்கு எளிதான வழியே தவிர, அதுவே மருந்தன்று. பல் பிடுங்குதல், ஈறு அறுத்தல், எலும்பைக் கடைதல் போன்ற அறுவைகளுக்கு இக்குழல் நீரே ஆகாது. நுண்ணுயிர் நீக்கிய நீரைத் தனியே, நுண்ணுயிர் நீக்கிய பீச்சியாலோ ஒருமுறை மட்டும் பயன்படும் குழலாலோ செலுத்துதல் வேண்டும். இவை அனைத்துக்கும் மேலாக நீரைச் சோதித்தறிய வேண்டும். மருந்திட்டோம், ஆகவே தூய்மை என்று முடிவு கட்டுதல், தேர்வு எழுதினோம், ஆகவே தேர்ச்சி என்பது போன்றது. அனஹைமில் நீரமைப்பைப் புதிதாக மாற்றிய பின்னரும் கிருமி மீண்டும் தலைகாட்டியதைச் சோதனையே வெளிப்படுத்தியது.

இவற்றால் மருத்துவர்க்குச் செலவும் உழைப்பும் கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. சிற்றூரில் ஒற்றை நாற்காலியுடன் குறைந்த கட்டணத்தில் பணியாற்றும் மருத்துவரை நோக்கி விரலை நீட்டுவதும் நம் நோக்கம் அன்று. கண்ணுக்குத் தெரியாத பகையாதலால் அவரும் அறியாதிருத்தல் கூடும். நோயாளி பணிவோடு கேட்கும் ஒரு வினா அவருக்கும் உதவி செய்யும். நாற்காலியின் குழல்களுக்கு எவ்வளவு நாளுக்கொரு முறை மருந்திடுகிறீர்கள்? அறுவைக்குப் புதுப்புட்டி உடைக்கிறீர்களா? கேட்பதற்கு நாணப்பட வேண்டியதில்லை. நாற்காலியில் சாயுமுன்பே கேட்டுவிடுதல் நலம், சாய்ந்தபின் வாய் நம் வசத்தில் இராது. நீரிழிவு உடையோரும், புற்றுநோய்க்கு மருந்து உட்கொள்வோரும், உறுப்பு மாற்று செய்துகொண்டோரும், மூப்பினால் நலிந்தோரும் தம் நிலையை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுதல் வேண்டும்.

இதனைப் படித்துவிட்டுப் பல் மருத்துவரிடமே போவதில்லை என எவரேனும் முடிவு செய்வாராயின் அது நம் எழுத்தின் தோல்வியாகும். கவனியாது விட்ட சொத்தைப் பல் தரும் சீழ்க்கட்டியால் உண்டாகும் கேடு, நாற்காலி நீரால் உண்டாகும் கேட்டினும் பலப்பல மடங்கு பரவலானது. ஜார்ஜியாவிலும் அனஹைமிலும் குழந்தைகள் கூழ் நீக்கத்துக்குச் சென்றதே சொத்தை ஆழ்ந்த பின்னர்தான் என்பதையும் மறக்கலாகாது.

பெற்றோர்க்கு ஒன்று மட்டும் தனியே சொல்லி வைக்கிறோம். பாற்பல்லுக்குக் கூழ் நீக்கம் செய்த குழந்தைக்கு அடுத்த சில திங்களில் கன்னத்திலோ தாடையின்கீழோ வீக்கம் தோன்றினால், வலி இல்லையே என்று பொறுத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வழக்கமான மருந்துக்கு வீக்கம் வடியாவிடில் மேற்சோதனை செய்யுமாறு கேளுங்கள். காட்டும்போது, பல்லுக்கு இன்ன நாளில் சிகிச்சை செய்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்நாளை வீட்டு நாட்காட்டியில் குறித்து வைப்பது எளிது.